ஓவியத்திலிருந்து உடைக்கு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: கிறிஸ்டியன் டியோர் 1947-இல் பாரிஸில் அறிமுகப்படுத்திய ‘பார்’ சூட்டின் (இடுப்பு சிறுத்த ஜாக்கெட்டும் அகன்ற பாவாடையும்) கோட்டோவியத்தை வைத்தே அதைத் தைத்துவிட முடியுமா? தைத்தால் ஜாக்கெட்டின் கீழ்ப்பகுதி தொய்ந்துவிடும் என்கிறார்களே?

பதில்: ஓவியத்தில் ஸ்கேல் வைத்து அளவெடுக்காதீர்கள். நிஜ உடலின் உயரம் ஏறக்குறைய ஏழரைத் தலை அளவு. ஃபேஷன் ஓவியத்தில் ஒன்பது தலை வரை போகும், கூடுதல் நீளம் பெரும்பாலும் கால்களில்தான் சேரும். ஆகவே பாக்கெட், பட்டன், ஜாக்கெட்டின் கீழ்விளிம்பு எல்லாவற்றையும் இடுப்பு எலும்பு, தொடை போன்ற உடல் அடையாளங்களை வைத்தே குறித்துக்கொள்ளுங்கள்.

டியோரின் பட்டறையிலும் ஓவியத்திலிருந்து நேராக ஜாக்கெட்டின் பட்டுத்துணிக்குப் போகவில்லை. முதலில் வெள்ளைக் காட்டனில் மாதிரி தைத்துத் திருத்துவார்கள். நீங்கள் காடாத் துணியில் செய்யலாம். பக்கத் தையல்களில் 3 செ.மீ. கூடுதல் விடுங்கள்; துணியின் நெடுக்கு நூல் போகும் திசையையும் இடுப்புக் கோட்டையும் வண்ண நூலால் ஓட்டிவையுங்கள். இடுப்புக் கோடு அரை செ.மீ. இறங்கினாலும் உருவமே மாறிவிடும்.

தொய்வுக்கு வருவோம். அந்த ஜாக்கெட்டில் இடுப்பு சிறுத்துத் தெரிவதற்குப் பாதிக் காரணம், அதற்குக் கீழே உள்ளே வைத்த திணிப்புதான். வெறும் லைனிங் அதைத் தாங்காது. கேன்வாஸை (உள்ளே வைத்துத் தைக்கும் விறைப்பான துணி) நீராவி இஸ்திரியால் வளைத்து, அதன்மேல் பஞ்சு அடுக்குகளை ஒன்றைவிட ஒன்று 1 செ.மீ. சிறியதாக வெட்டித் தையுங்கள்; ஒரே அளவில் வெட்டினால் விளிம்பு வெளியே வரப்பாகத் தெரியும். திணிப்பை வைத்த பிறகே மாதிரியை உடலில் போட்டுப் பாருங்கள். இந்த வரிசையை மாற்றினால் ஜாக்கெட் உடலை இறுக்கும்.

இடுப்பு வளைவில் தையல் ஓரத்தை அங்கங்கே கத்தரித்துவிட வேண்டும், இல்லையேல் துணி இழுத்துக் குறுக்குச் சுருக்கம் விழும். உள்ளே 2.5 செ.மீ. அகல நாடா ஒன்றைத் தையல்களில் மட்டும் பிடித்துத் தைத்து, பட்டனுக்கு முன்பே கொக்கியால் மாட்டுங்கள். இழுவையை நாடா வாங்கிக்கொள்ளும், பட்டன் வாய் பிளக்காது. என் கணிப்பில், பலரும் விட்டுவிடும் முக்கியமான வேலை இதுதான்.

கேள்வி: இத்தகைய ஓவியங்களின் ஓரத்தில் துணித்துண்டைக் குத்தியிருப்பது ஏன்?

பதில்: பட்டறைக்கான குறிப்பு அது. மடிப்பு எப்படி விழும் என்பதைக் கோடு ஓரளவுதான் சொல்லும், துணியின் கனம்தான் முடிவுசெய்யும். ‘பார்’ பாவாடை கறுப்புக் கம்பளி; அதே மடிப்பை மெல்லிய பட்டில் எடுத்தால் நிற்காது.