மேனேஜர் மேல் 'ஒரு இது': கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்

27 வருடம் எச்.ஆர். வேலை பார்த்தவள் நான். முதலில் ஒரு பனியன் கம்பெனி, அப்புறம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை, கடைசியில் சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனம். அங்கே ஒன்பது வருடம், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கிற உள் புகார்க் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. ஜோசியமும் தெரியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிறுசேரி, 26 வயது: சாஃப்ட்வேர் ரிலீஸ் நேரத்தில் மூன்று மாதமாக ராத்திரி பதினோரு மணி வரை வேலை. ஒருநாள் நான் செய்த தப்பை, கிளையன்ட் முன்னால் என் மேனேஜர் தன் தப்பு என்று ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து அவர் நினைப்புதான். இது காதலா மேடம்?

இருக்கலாம். ஆனால் மூன்று மாதம் தூக்கம் கெட்டு நெஞ்சு படபடத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்றவர் அவர் என்பதையும் கணக்கில் சேருங்கள். 1974-இல் டட்டன், ஆரன் என்ற இரண்டு உளவியலாளர்களின் ஆய்வு ஒன்று வெளிவந்தது. கனடாவில் கப்பிலானோ ஆற்றின் மேல் உயரத்தில் ஆடும் தொங்கு பாலம் இருக்கிறது. அதைக் கடந்து வந்த ஆண்களிடம் ஒரு பெண் சில கேள்விகள் கேட்டு, தன் போன் நம்பரைக் கொடுத்தார். ஆடாத பாலத்தில் அவரைப் பார்த்தவர்களைவிட, ஆடும் பாலத்தில் பார்த்தவர்களில்தான் அதிகம் பேர் பிறகு போன் செய்தார்கள். பயத்தில் அடித்துக்கொண்ட நெஞ்சை ஆசை என்று மனசு கணக்கு எழுதிவிட்டது என்பது அவர்கள் விளக்கம். ரிலீஸ் ராத்திரி நம் ஊர்த் தொங்கு பாலம்.

இன்னொன்று, நாற்காலி. டீம் செய்த தப்புக்குத் தான் திட்டு வாங்கிக்கொள்வது நல்ல மேனேஜரின் வேலை. அதைச் சரியாகச் செய்கிறவர்கள் குறைவு, அதனால்தான் அவர் தெய்வமாகத் தெரிகிறார். ஹோட்டலில் சப்ளையரிடம் எப்படிப் பேசுவார்? வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் லீவு போடுவது அவரா, வேறு யாராவதா? உங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தது காலை பத்து மணிக்குச் சட்டை இஸ்திரியோடு வருகிற ஆளை மட்டும்.

நான் சொல்வது இதுதான்: அப்ரைசல், அதாவது வருடாந்திர வேலை மதிப்பீடு, முடிகிற வரை வாயைத் திறக்காதீர்கள். வேறு டீமுக்கு மாற்றல் கேளுங்கள். போய் ஆறு மாதம் ஆன பிறகும் அதே நினைப்பு இருந்தால், அவர் தனியாள்தான் என்பதும் தெரிந்தால், ஒரு காபிக்குக் கூப்பிடுங்கள். ஒரே ஒரு தடவை. மழுப்பினால் அதுவே பதில்.

இன்றைக்குப் பல தடவை சொல்லப்போகும் எச்சரிக்கை ஒன்று: எதையும் ஆபீஸ் சாட்டில் தட்டாதீர்கள். அது கம்பெனிச் சொத்து. சிவப்பு இதயத்தை நீங்கள் அனுப்பலாம், எங்கள் மேஜைக்கு அது கருப்பு வெள்ளை பிரிண்டில், மேலே தேதி, நேரத்தோடு, ஸ்டேப்ளர் அடித்து வரும். ஐந்து பேர் குனிந்து படிப்போம்.

பெயர் வேண்டாம்: அவருக்கும் என் மேல் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மெசேஜ் போட்டால் உடனே பதில் போடுகிறார்.

உடனே பதில் போடுவதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் வாங்குகிறார். டீமில் மற்றவர்களுக்கு எத்தனை நிமிடத்தில் பதில் வருகிறது என்று பாருங்கள்.

கோவை, 29, ஆண்: என் மேனேஜர் என்னைவிட ஏழு வயது மூத்தவர், விவாகரத்து ஆனவர். அவங்க தெளிவாகப் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது. வயசுதான் பிரச்சினையா?

வயசை விடுங்கள், அது உங்கள் அத்தைமார்கள் பிரச்சினை. உங்கள் இன்கிரிமென்ட்டில் அவர் கையெழுத்துப் போடுகிறார், பிரச்சினை அது. விஷயம் வெளியே வந்தால் 'எப்படி மேனேஜர் ஆனாள்' என்று அவருடைய பத்து வருட உழைப்பையே காரிடாரில் கிழிப்பார்கள். உங்களுக்கோ முதுகில் ஒரு தட்டு கிடைக்கும். பெண் மேலதிகாரி விழுகிற பள்ளம் ஆழம், தம்பி. முதல் ஆளுக்குச் சொன்ன ஆறு மாதக் கணக்கு உங்களுக்கும்தான்.

சேலம்: மேடம், பழைய கம்பெனி பி.எஃப். பணத்தை எப்படி மாற்றுவது?

பி.எஃப். அலுவலகத்தின் யூ.ஏ.என். போர்ட்டலில் நுழைந்து டிரான்ஸ்ஃபர் விண்ணப்பம் போடுங்கள். இன்றைக்கு இந்தக் கடையில் அந்தச் சரக்கு இல்லை.

மணி: ஒபாமாவே மேலதிகாரியைத்தானே கல்யாணம் செய்தார்? அமெரிக்காவில் ஒன்றும் சொல்வதில்லை.

1989-இல் சிகாகோவில் ஒரு சட்ட நிறுவனத்துக்குக் கோடைப் பயிற்சிக்கு வந்தவர் ஒபாமா. அவருக்கு வழிகாட்டியாகப் போடப்பட்டவர் மிஷெல். நன்றாக இருக்காது என்று முதலில் தயங்கியவரும் மிஷெல்தான். கோடையோடு அந்தப் பயிற்சி முடிந்தது, 1992-இல் கல்யாணம். கையெழுத்துப் போடும் உறவு முதலில் முடிந்தது, கவனியுங்கள். 'ஒன்றும் சொல்வதில்லை' என்பதும் தப்பு. மெக்டொனால்ட்ஸ் தலைவர் ஸ்டீவ் ஈஸ்டர்புரூக்கை 2019-இல் அனுப்பினார்கள். ஊழியர் ஒருவரோடு பரஸ்பரச் சம்மதத்தோடு இருந்த உறவுதான், ஆனால் விதியில் கூடாது. நெஸ்லே 2025 செப்டம்பரில் லோரான் ஃப்ரெய்க்ஸை நீக்கியது, தனக்கு நேரடியாகக் கீழே வேலை செய்தவரோடு இருந்த உறவைச் சொல்லாமல் மறைத்ததற்காக.

ரயில்வே ரிட்டயர்டு: எல்லாவற்றுக்கும் காரணம் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. எங்கள் காலத்தில் சார், மேடம். இடைவெளி தானாக வந்துவிடும்.

பாதி ஒத்துக்கொள்கிறேன். 'கார்த்திக்' என்று கூப்பிட்டுப் பழகிய பெண், அவன் கையில் தன் ரேட்டிங் இருப்பதை மார்ச் மாதம் வரை மறந்தே போகிறாள்.

ஜாவா ராணி: அபத்தம். என் அம்மா பள்ளிக்கூட டீச்சர், அப்பா அதே பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர். சார், சார் என்று கூப்பிட்டுத்தான் காதலித்தார்கள். 'சார்' வேலியும் இல்லை, ஒன்றும் இல்லை.

மதுரைக்காரன்: இப்போது வீட்டில் என்னவென்று கூப்பிடுகிறார்?

ஜாவா ராணி: இன்னமும் சார்தான். முப்பத்திரண்டு வருடமாக.

ரயில்வே ரிட்டயர்டு: பார்த்தீர்களா, மரியாதை!

ஜாவா ராணி: மரியாதை இல்லை சார், பழக்கதோஷம். கோபம் வந்தால் 'சாரு' என்பார்.

மதுரைக்காரன்: எங்கள் ஆபீஸில் எம்.டி.யை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவோம். அண்ணன் என்று கூப்பிட்ட பிறகு எவளுக்கு ஆசை வரும்?

ஜாவா ராணி: அதைவிடப் பெரிய ஏமாற்று இல்லை. அண்ணே என்று கூப்பிட வைத்தே எத்தனை பேர்...

போதும், போதும். ராணி சொல்வதில் நியாயம் இருக்கிறது: எங்கள் குழுவுக்கு வந்த புகார்களில் 'அண்ணன் மாதிரி நினைச்சேன் மேடம்' என்ற வாக்கியம் வராத வருடமே இல்லை. அடுத்த கேள்வி.

திருப்பூர்: நான்தான் முதலில் மேனேஜரிடம் பேச ஆரம்பித்தேன். நாலு மாதம் பழகினோம். இப்போது வேண்டாம் என்கிறேன், விடவில்லை. ராத்திரி மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது. கேட்டால் 'நீதானே ஆரம்பிச்சே' என்கிறார். சூப்பர்வைசர் ஆகப்போகிறவர்கள் லிஸ்டில் இருந்து என் பெயரை எடுத்துவிட்டார். தப்பு என்னுடையதா?

இல்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள், இவருக்கு நிதானமாகச் சொல்ல வேண்டும்.

நீங்கள் ஆரம்பித்தது ஒரு பழக்கத்தை, அது உங்கள் உரிமை. நிறுத்துவதும் உங்கள் உரிமை. வேலை இடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்க வந்த 2013-ஆம் வருடச் சட்டம் கேட்பது, அவர் செய்தது உங்களுக்கு விருப்பமில்லாததா என்பதைத்தான். ஜனவரியில் விருப்பம் இருந்தது என்பதற்காக மே மாதமும் இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. வேண்டாம் என்றதும் பெயரை லிஸ்டில் இருந்து எடுத்தது இன்னும் மோசம். வேலையில் கெடுதல் செய்வதாக மிரட்டுவதே அந்தச் சட்டத்தில் வருகிறது.

முதலில், 'இனி வேலை தவிர வேறு எதற்கும் மெசேஜ் போடாதீர்கள்' என்று ஒரே வரி அனுப்புங்கள். திட்டாதீர்கள், விளக்கம் வேண்டாம். பழைய மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள், நீங்கள் அன்பாக எழுதியதைக்கூட. பாதியை அழித்துவிட்டு வந்தால் எதிர்த்தரப்பு மீதியைக் கொண்டுவந்து மேஜையில் போடும். அப்போது நீங்கள் பொய் சொன்னது போல் ஆகிவிடும். அதை நேரில் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் சொன்னது அத்தனையும் நிஜம், அழித்த ஆறு மெசேஜில் நம்பிக்கை போய்விட்டது.

கடைசியாக நடந்ததிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். தாமதத்துக்குக் காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் தரலாம். எழுத வராவிட்டால் எழுத உதவுவது குழுவின் கடமை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால் குழு இருந்தே ஆக வேண்டும், தலைமை ஒரு பெண், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். சின்ன யூனிட் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது, கலெக்டர் ஆபீஸில் கேளுங்கள். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். அதுவரை உங்களையோ அவரையோ இடம் மாற்றச் சொல்லியும், உங்கள் வேலையை அவர் மதிப்பிடக் கூடாது என்றும் எழுதிக் கேளுங்கள். கேட்டால்தான் குழு பரிந்துரைக்க முடியும். பலருக்கு இது தெரிவதில்லை.

வெளிப்படையானவன்: இந்தச் சட்டமே பழிவாங்கத்தானே பயன்படுகிறது?

வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுத்தால் நடவடிக்கை எடுக்க அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. நிரூபிக்க முடியாத புகார் எல்லாம் பொய்ப் புகார் இல்லை என்றும் அதிலேயே இருக்கிறது. இரண்டையும் படியுங்கள்.

பெயர் வேண்டாம் 2: அவருக்கும் என் மேல் இருக்கிறதா? பிறந்தநாளுக்கு கேக் வாங்கி வந்தார்.

டீம் பட்ஜெட். ரசீது என் மேஜைக்குத்தான் வரும்.

பல்லாவரம்: அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது...

மூன்றாவது தடவை. மேலே போய்ப் படியுங்கள். ஆபீஸ் சாட்டில் தட்டாதீர்கள்.

மேனேஜர் ஒருவர், 38: இதுவரை எல்லாரும் கீழே இருந்து கேட்டார்கள். எனக்கு என் டீம் பெண் மேல். அவளுக்கும் இருக்கிறது என்று நினைக்கிறேன். எப்படிச் சொல்வது?

சொல்லாதீர்கள். அவள் சிரித்தது உங்கள் ஜோக்குக்கா, உங்கள் பதவிக்கா என்று கண்டுபிடிக்க உங்களிடம் வழியே இல்லை. 'முடியாது' என்று சொன்னால் தன் ரேட்டிங் என்னாகும் என்று அவள் யோசிக்கிற அந்த நாலு விநாடி உங்கள் கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், குழு அறையில் எதிரே உட்கார்ந்து அழுதவர்கள் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவளை உங்கள் கீழிருந்து மாற்றிவிட்டு ஆரம்பிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதற்காக அவள் வேலை மாறக் கூடாது, நீங்கள் மாறுங்கள்.

வேளச்சேரி: நாங்கள் இரண்டு பேரும் ஒரு வருடமாகப் பழகுகிறோம். தை மாதம் கல்யாணம். இன்னமும் என் அப்ரைசல் அவர்தான் எழுதுகிறார். யாருக்கும் தெரியாது.

வாழ்த்துகள். நாளைக் காலையே இரண்டு பேரும் சேர்ந்து எச்.ஆருக்கு எழுதிக் கொடுங்கள், அவர் உங்கள் மதிப்பீட்டில் இருந்து விலகுவதாக ஒரு வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். மெயிலில் அனுப்பி, பதில் வந்ததும் ஒரு நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். பத்திரிகை கொடுப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.