கம்பியில் குத்திய ரசீது

கேள்வி: ஒரு சூப்பர்ஹீரோ குழு இனவெறிக் கும்பலோடு மோதும் கதையில், நடுவே காதல் முறிவும் கண்ணீரும் எதற்கு? கதையின் வேகம் கெடுகிறதே?

எனக்குக் கெடவில்லை. அந்த வகைக் கதைகளில் சண்டைப் பக்கங்களைத்தான் நான் அவசரமாகப் புரட்டுவேன். ஹல்க் ஒரு பக்கம் நிற்கும்போது முகமூடி போட்ட நாற்பது பேர் என்ன செய்துவிட முடியும்?

நான் மனத்தில் வைத்துப் பேசுவது 1975இல் அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் வெளியிட்ட ‘டிஃபெண்டர்ஸ்’ காமிக்ஸ் இதழ்கள், 22 முதல் 25 வரை. கதை ஸ்டீவ் கெர்பர், படம் சால் புசெமா. டாக்டர் ஸ்டிரேஞ்ச், ஹல்க், வால்கைரி, நைட்ஹாக் என்று ஒட்டியும் ஒட்டாமலும் ஒரு குழு. எதிரே ‘சன்ஸ் ஆஃப் த சர்ப்பெண்ட்’, பாம்பு வேடம் போட்ட வெள்ளை மேலாதிக்கக் கும்பல். ஏழைகள் குடியிருக்கும் கட்டடங்களுக்குத் தீ வைப்பது அதன் வேலை.

இந்தக் குழுவில் நிம்மதியாக இருப்பவர் யாருமில்லை. வால்கைரி குடியிருக்கும் உடல் பார்பரா என்ற பெண்ணுடையது. பார்பராவின் கணவன் ஜாக் ‘நீ என் மனைவி’ என்று வந்து நிற்கிறான். வால்கைரிக்கு அவனை யாரென்றே தெரியாது. நைட்ஹாக், அதாவது பெரும் பணக்காரன் கைல் ரிச்மண்ட், காரில் வெடித்த குண்டில் கையை இழந்த தன் காதலியை நினைத்து நொந்துகிடப்பவன். ஊர் எரிகிறது, இவர்கள் தங்கள் சோகத்தில் கிடக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும்.

பிறகுதான் இடி. பாம்புக் கும்பலின் துப்பாக்கிக்கும் தீப்பந்தத்துக்கும் பணம் எங்கிருந்து போனது? கைல் ரிச்மண்டின் சொத்திலிருந்து. கணக்கு வழக்கைப் பென்னிஸ்வொர்த் என்ற நிர்வாகியிடம் விட்டுவிட்டு இவன் பேரேட்டைத் திறந்தே பார்க்கவில்லை. இரவெல்லாம் எந்தக் கும்பலை அடித்துத் துவைத்தானோ அதற்குப் பகலில் படியளந்தவனும் அவனே.

இதே கும்பல் முதன்முதலில் வந்தது 1966இல், ‘அவெஞ்சர்ஸ்’ 32, 33ஆம் இதழ்களில். அங்கே முகமூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பவர் ஓர் அயல்நாட்டு ராணுவ ஜெனரல். அமெரிக்கர்களுக்குள் பகை மூட்ட வந்தவராம். எவ்வளவு வசதி பாருங்கள்! நம் ஊர் நல்ல ஊர், வெளியாள் வந்து கெடுத்துவிட்டான். எங்கள் பக்கம் ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் சமாதானக் கூட்டத்தில் இந்த வசனத்தைக் கேட்டிருக்கிறேன். ஒன்பது வருடம் கழித்து கெர்பர் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தார். அவரும் பாதி வழியில் சறுக்கினார் என்பேன்: பென்னிஸ்வொர்த் கறுப்பினத்தவர், கும்பலின் தலைவரும் அவரே என்று முடித்தது எனக்கு உடன்பாடில்லை. அடிபட்டவன் தலையிலேயே பழியைக் கட்டும் பழைய தந்திரம் அது. ஆனால் பணம் போன வழியை மட்டும் அவர் சரியாகப் பிடித்தார்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பேரேடு இருந்தது.

அம்பாசமுத்திரம் பக்கம் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. 1995இல் தென்மாவட்டங்கள் சாதிக் கலவரத்தில் பற்றி எரிந்தபோது நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஆனால் பஸ் வராது. வந்தால் கண்ணாடி இருக்காது. என்னோடு படித்த ஒருவன் தினமும் கடைக்கு வருவான். பெயர் வேண்டாம். சிவகாசியிலிருந்து வரும் காமிக்ஸ்களை இருவரும் முறை வைத்து வாங்கி, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து படிப்போம். அவன் வேறு தெரு. எந்தத் தெரு என்று நெல்லைக்காரர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

அவன் அண்ணனை ஒருநாள் வாய்க்கால் கரையில் வெட்டினார்கள். உயிர் பிழைத்தார்; வலது கை விரல்கள் மடங்கவில்லை. வெட்டியவர்கள் எங்கள் ஆட்கள். ‘எங்கள்’ என்று எழுதவே கூசுகிறது. வேறு எப்படி எழுதுவது?

இரண்டு வாரம் கழித்துக் கடைக்கு நான்கு பேர் வந்தார்கள். “அண்ணாச்சி, பிள்ளைகளை ஜாமீனில் எடுக்கவேண்டும். இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாகப் போடுங்கள்” என்றார்கள். அப்பா எதுவும் கேட்காமல் கல்லாவைத் திறந்தார். அந்த ‘இந்தத் தடவை’தான் என் காதில் நின்றது. அப்படியானால் முந்தைய தடவைகள்?

கடையில் ரசீதுகளைக் குத்தி வைக்கும் கம்பி ஒன்று தொங்கும். அன்றிரவு அதைக் கழற்றிப் பார்த்தேன். பருப்பு மண்டி, எண்ணெய் மண்டி ரசீதுகளுக்கு இடையே ஆறு வருடத்துச் சாதிச் சங்க ரசீதுகள், தலைவர் படம் போட்டு, ‘விழா நிதி’ என்று அச்சடித்தவை. அந்தக் கம்பி தொங்கியது அரிசி மூட்டைக்கு நேர் மேலே. நான் ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. அவன் பார்த்திருப்பான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன்தானே. ஆனாலும் தினமும் வந்து உட்கார்ந்தான்.

அதன்பிறகு வரவில்லை. நான் கடையில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, என்னுடைய காமிக்ஸ் பதினொன்றையும் சணல் கட்டி அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். ஓரம்கூட மடங்கவில்லை. அவனுடையவை நான்கு என்னிடம் இருந்தன. கொண்டுபோய்க் கொடுக்க அந்தத் தெருவுக்குள் நுழையும் தைரியம் எனக்கு வரவில்லை.

ஆகவே, நைட்ஹாக்கின் சோகம் கதையின் வேகத்தைக் கெடுக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ஜெயித்த பிறகும் கைல் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவான் என்பதல்லவா கதை?

1997இல் சாதி மோதலைத் தணிக்க, போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயரை அரசு எடுத்தது. எங்கள் மாவட்டமும் வெறும் திருநெல்வேலி ஆனது. பெயர் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பிள்ளைகளின் மணிக்கட்டில், சாதியைக் காட்டும் கலர் கயிறாக ஏறிக்கொண்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியபோதுதான் வெளியூர்க்காரர்கள் அந்தக் கயிற்றைக் கவனித்தார்கள். நீதிபதி சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிறு கட்டத் தடை வேண்டும் என்றது. சரிதான். கயிறு வாங்கித் தருபவரின் கணக்கை யார் கேட்பது?

கடை இப்போது என் பொறுப்பில். போன வருடம் ரசீதுப் புத்தகத்தோடு வந்தார்கள். கோயில் கொடைக்கு வரி தனியாகக் கொடுத்துவிட்டேன், இதற்குக் கணக்கைக் காட்டினால் தருகிறேன் என்றேன். “அப்பா இப்படியெல்லாம் கேட்டதில்லையே, அண்ணாச்சி” என்றான் ஒருவன், சிரித்துக்கொண்டே. புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் தெருவில் நான்கைந்து வீடுகள் இப்போது அரிசியை வேறு கடையில் வாங்குகின்றன. அவனுடைய நான்கு காமிக்ஸும் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கின்றன.