கடலோர ஈரக்காற்று இருக்கும்போது ஆன்டி-ஸ்டாட்டிக் பட்டை தேவையா?

கேள்வி: பாம்பன் பக்கம் வீடு, காற்றில் எப்போதும் ஈரம்தான். படகு ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் (கடல் ஆழம் பார்க்கும் கருவி) போர்டுகளை வீட்டில் பழுது பார்க்கும்போது கையில் பட்டை கட்டத்தான் வேண்டுமா?

கட்டத்தான் வேண்டும். உரசலில் உடம்பில் ஏறும் மின்சாரம்தான் ஸ்டாட்டிக், அதை எர்த்துக்கு இறக்குவதுதான் பட்டையின் வேலை. ஈரக்காற்று அந்த ஸ்டாட்டிக்கைக் குறைக்கும், ஒழிக்காது. விரலில் சுருக்கென்று தெரிவதற்கே ஏறக்குறைய 3000 வோல்ட் வேண்டும். ஐ.ஆர்.எஃப்.இசட் 44 என் என்ற மாஸ்ஃபெட்டின் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) கேட்டுக்கு, அதாவது அதைத் திறந்து மூடும் காலுக்கு, அனுமதித்த உச்சமோ 20 வோல்ட். நமக்கு ஒன்றுமே தெரியாமல் அது போய்விடும். அடியோடு போனால்கூடத் தேவலை. அரைகுறையாக அடிபட்டது மேசையில் நன்றாக ஓடும், படகில் ஏறிய பிறகு நின்றுவிடும். அறையில் ஏ.சி. ஓடினாலோ, கச்சான் (மேல்காற்று) அடித்துக் காற்று காய்ந்தாலோ கிடைத்த கொஞ்சப் பாதுகாப்பும் இல்லை.

ஆனால் நம் கரையில் பட்டைக்கு முன்னால் பார்க்க வேண்டியது எர்த். உப்பு மண்ணில் எர்த் கம்பியும் அதை முறுக்கிய நட்டும் சீக்கிரம் அரித்துவிடும். சாக்கெட்டில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதற்குப் பின்னால் உருப்படியாக ஒன்றும் இருக்காது. மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து அளந்து பாருங்கள். ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த் இரண்டும் 230-ஐ ஒட்டியும், நியூட்ரல்-எர்த் ஓரிரு வோல்ட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். ஃபேஸ்-எர்த் 60, 100 என்று அலைந்தால் எர்த் இல்லை. எர்த்தையும் நியூட்ரலையும் சாக்கெட்டுக்குள்ளேயே சேர்த்து முறுக்கியிருந்தாலும் மீட்டர் ஒழுங்காகத்தான் காட்டும். நியூட்ரல் அறுந்தால் ஃபேஸ் எர்த் ஒயருக்கு வந்துவிடும். எலக்ட்ரீஷியனை வைத்து மெயினை அணைத்து, சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பட்டை ஒயரில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருப்பது இதற்காகத்தான். 230 வோல்ட் வந்தாலும் 0.23 மில்லியாம்பியர்தான் ஓடும். ஒயர் அறுந்தால் வெறும் செம்புக் கம்பியைக் கட்டி ஒப்பேற்றாதீர்கள்.

பட்டையை வேலைக்கு உட்காரும் முன் சோதியுங்கள். தோலில் படும் தகட்டுக்கும் முதலைக் கிளிப்புக்கும் இடையில் ஏறக்குறைய 1 மெகாஓம் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் அழுத்துப் பொத்தானைக் கழற்றிப் பாருங்கள்: உள்ளே பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தொட்ட துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

மலிவான இரண்டு-பின் சால்டரிங் அயர்னும் ஸ்டாட்டிக்குக்குச் சளைத்ததல்ல. உள்ளே இன்சுலேஷன் ஈரம் வாங்கி, கரண்ட் நுனிக்குக் கசியும். மூன்று-பின் அயர்ன் வாங்குங்கள். நுனிக்கும் ப்ளக்கின் எர்த் பின்னுக்கும் சில ஓம்கள்தான் இருக்க வேண்டும். இரண்டு-பின்தான் கையில் இருக்கிறதென்றால், சூடேற்றி, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மாஸ்ஃபெட் காலைத் தொடுங்கள். சிறு காலுக்கு அந்தச் சூடு போதும்.

மேசையில் ஸ்டாட்டிக்கை மெல்ல இறக்கும் ஈ.எஸ்.டி. பாய் விரித்து, பாய், பட்டை, அயர்ன் மூன்றையும் ஒரே எர்த்தில் சேருங்கள். வீட்டு ரப்பர் பாய் இதற்கு ஆகாது, அது வெறும் இன்சுலேட்டர். இரும்புத் தகடும் வேண்டாம். சார்ஜ் ஒரே நொடியில் பாய்வதுதான் பாகத்தைக் கொல்கிறது. தெர்மாகோல், பாலித்தீன் கவர், செல்லோடேப் சுருள், நைலான் பிரஷ் எல்லாம் மேசையை விட்டு இறங்கட்டும். பாலியெஸ்டர் சட்டையைவிடப் பருத்தி நல்லது.

கரண்ட் ஓடும் எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை), மைக்ரோவேவ் மாதிரியான உயர் வோல்ட் வேலையில் பட்டையைக் கழற்றிவிடுங்கள். அங்கே எர்த்தோடு கட்டிய கை உயிருக்கே ஆபத்து.

போர்டை எடுத்து வைக்க வெள்ளி நிற ஆன்டி-ஸ்டாட்டிக் கவர்தான் சரி. இளஞ்சிவப்புக் கவர் தன்னில் சார்ஜ் ஏறவிடாது, வெளியிலிருந்து வரும் அடியைத் தடுக்காது. தனி ஐ.சி.யை அலுமினியத் தாளில் சுற்றலாம். பட்டன் பேட்டரி உள்ள போர்டைச் சுற்றினால் பேட்டரி ஷார்ட் ஆகும். ஜி.பி.எஸ். போர்டுகள் பலவற்றில் அது இருக்கும், பார்த்துவிட்டுச் சுற்றுங்கள்.