மகிழ்ச்சியாக வாழ வழி சொன்ன பண்டைய கிரேக்கத் தத்துவங்களில் எதைப் பின்பற்றலாம்?

அந்தத் தத்துவஞானிகளை நான் பிரித்துப் பார்ப்பது ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான்: கெட்ட காலம் வந்தால் மகிழ்ச்சி போய்விடுமா, போகாதா?

போகும் என்று ஒப்புக்கொண்டவர் அரிஸ்டாட்டில். அவர் சொல்லும் 'யூடைமோனியா' ஒரு நாள் சந்தோஷம் அல்ல, வாழ்க்கை முழுவதும் நன்றாக அமைவது. அதற்கு நற்குணம் வேண்டும். அதோடு நண்பர்கள், பிள்ளைகள், கொஞ்சம் பணம், ஓரளவு அதிர்ஷ்டமும் வேண்டும் என்கிறார். கிரேக்கக் காவியத்தில் வரும் டிராய் மன்னன் பிரியாம் பிள்ளைகளையும் நாட்டையும் இழந்து மடிந்தவன்; அவனைப் போய் யார் மகிழ்ச்சியாக வாழ்ந்தவன் என்பார்கள் என்று கேட்கிறார். நியாயமான கேள்வி.

போகாது என்றவர்கள் ஸ்டோயிக்குகள். இந்த மரபைத் தொடங்கிய ஸீனோ சைப்ரஸ் தீவுக்காரர், வணிகர். கப்பல் உடைந்து சரக்கைப் பறிகொடுத்து ஏதென்ஸில் ஒரு புத்தகக் கடையில் வந்து உட்கார்ந்தாராம். அங்கே சாக்ரடீஸைப் பற்றி வாசிக்கக் கேட்டு, "இப்படிப்பட்ட ஆட்கள் எங்கே கிடைப்பார்கள்?" என்று கேட்க, தெருவில் போய்க்கொண்டிருந்த கிரேட்டஸ் என்ற ஞானியைக் கடைக்காரர் கைகாட்டினார் என்று கதை. அப்புறம் கி.மு. 300 வாக்கில், ஓவியங்கள் நிறைந்த ஒரு தூண் மண்டபத்தில் அவரே பாடம் சொல்ல ஆரம்பித்தார். நற்குணம் ஒன்றே நன்மை. பணமும் உடல்நலமும் இருந்தால் சரி, போனாலும் மகிழ்ச்சிக்குக் குறைவில்லை என்பது இவர்கள் கட்சி.

எபிக்யூரஸைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். இன்பமே நோக்கம் என்று சொன்னதால் தின்று குடித்துத் திரிந்தவர் என்று பெயர். அவர் சொன்ன இன்பமோ உடலில் வலியில்லாமல், மனதில் கலக்கமில்லாமல் இருப்பது. ஆசைகளை மூன்றாகப் பிரித்தார்: பசி, தாகம் போல இயற்கையாகவும் அவசியமாகவும் இருப்பவை; விருந்துச் சாப்பாடு போல இயற்கையானவை, ஆனால் அவசியமில்லாதவை; புகழ் போல இரண்டும் இல்லாதவை. கொஞ்சம் பாலாடைக்கட்டி அனுப்பி வை, தோன்றும்போது விருந்து சாப்பிடுவேன் என்று நண்பருக்கு எழுதிய மனிதர் இவர். ஏதென்ஸில் அவருடைய தோட்டத்தில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும்கூட இடம் இருந்தது. கி.மு. 270-இல் சிறுநீர்க் கல்லால் துடித்துக்கொண்டிருந்த கடைசி நாளிலும், நண்பரோடு பேசிய பேச்சுகளை நினைக்கும் சந்தோஷம் வலிக்கு ஈடாக நிற்கிறது என்று கடிதம் எழுதினார்.

சொத்து சுகம் எதுவும் வேண்டாம் என்று பீப்பாய் போன்ற பெரிய மண்சாடியில் குடியிருந்த ஞானி டயோஜெனீஸை ரசிக்கலாம். பின்பற்ற என்னால் ஆகாது.

சில வருடங்களுக்கு முன் எனக்கு வேலை போனது. முதல் மாதம் ஸ்டோயிக்குகளைத்தான் படித்தேன். நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார் என்னும் எபிக்டெட்டஸின் பேச்சு ராத்திரித் தூக்கத்துக்கு உதவியது; அடிமையாக இருந்து விடுதலையானவர் சொல்வதால் நம்பவும் முடிந்தது. மூன்றாம் மாதம் வீட்டு வாடகைக்குப் பணமில்லை. கொடுத்தவன் கல்லூரி நண்பன். அன்றைக்கு அரிஸ்டாட்டில் பக்கம் சாய்ந்தவன்தான், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். ஆனால் எதையாவது வாங்கத் துடிக்கும்போது எபிக்யூரஸின் மூன்று பிரிவில் இது எதில் சேரும் என்று பார்ப்பேன். போன வாரம்கூட ஒரு புது போன் மூன்றாவதில் விழுந்தது.

படிக்கத் தொடங்குவதானால், எபிக்யூரஸ் மெனோசியஸுக்கு எழுதிய கடிதத்தை எடுங்கள். சில பக்கங்கள்தான், ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.