‘கர்த்தர் உன்னை அனுப்புகிறார்’ என்கிறார்கள், போகட்டுமா அம்மா?

கேள்வி: அன்புள்ள அம்மா, எனக்கு வயது 24. நாசரேத் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். சென்னை வேலைக்கு ஆறு மாதம் விடுப்புப் போட்டுவிட்டு, ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் சீஷத்துவப் பயிற்சிக்கு வந்திருக்கிறேன். ஆராதனையில் எல்லோரும் கையை உயர்த்தி அழுகிறார்கள். எனக்கு ஒன்றுமே வருவதில்லை, சும்மா நிற்கிறேன். தேவ சத்தத்தைக் கேட்கும் பயிற்சியில், பக்கத்தில் இருப்பவருக்காக ஜெபித்து மனதில் தெரிந்ததைச் சொல்லச் சொன்னார்கள். எனக்கு எதுவும் தெரியவில்லை. கூச்சத்தில் “ஆற்றங்கரையில் ஒரு மரம் தெரிகிறது” என்று சொல்லிவிட்டேன். அந்தக் கொரியப் பெண் அழுதுவிட்டாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

போன வாரம் உடன் படிக்கும் ஒருவர் என்னருகில் வந்து, “உயரமான மலைகளைப் பார்க்கிறேன், கர்த்தர் உன்னை மத்திய ஆசியாவுக்கு அனுப்புகிறார், பழைய வேலைக்குத் திரும்பாதே” என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமென் சொன்னார்கள். பயிற்சி முடிந்ததும் முழுநேர ஊழியராகச் சேர விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். அப்பா ஓய்வுபெற்றவர், தம்பி கல்லூரியில் படிக்கிறான். கீழ்ப்படியாவிட்டால், கர்த்தர் சொல்லை மீறி ஓடி மீன் வயிற்றில் கிடந்த யோனாவின் கதி வருமோ என்று பயமாக இருக்கிறது. ஹெர்ன்ஹூட் என்ற ஊருக்கும் கூட்டிப் போனார்கள். நூறு வருஷம் இடைவிடாமல் ஜெபித்தவர்களின் கல்லறைகளைப் பார்த்தபோது, ‘இவர்களிடம் பேசிய தேவன் என்னிடம் ஏன் பேசவில்லை’ என்றுதான் தோன்றியது.
– பெயர் வேண்டாம், ஜெர்மனி

பதில்: அன்பு மகளே, முதலில் அந்த யோனா பயத்தைக் கீழே இறக்கி வை. நினிவேக்குப் போ என்று கர்த்தர் யோனாவிடமே சொன்னார். நடுவில் ஆள் இல்லை. அவன் தெளிவாகக் கேட்டான், கேட்டதை வேண்டாமென்று கப்பல் ஏறினான். உன்னிடம் பேசியது உன்னோடு படிக்கும் ஒரு சகோதரன். நல்ல மனதோடு பேசியிருக்கலாம், அவர் கண்ட மலைகள் உண்மையாகவே கர்த்தர் காட்டியதாகவும் இருக்கலாம். ஆனாலும் அதை உடனே நம்பிக் கிளம்பாததற்குக் கீழ்ப்படியாமை என்று பெயர் கிடையாது. சோதித்துப் பார்க்கச் சொன்னதே வேதம்தான். தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாதிருங்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதின பவுல், அடுத்த வரியிலேயே எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார். நம் சபைகளில் ஒரு சாரார் முதல் வரியோடு நின்றுவிடுகிறார்கள், மறு சாரார் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். உனக்கு இரண்டும் வேண்டும்.

அப்போஸ்தலர் 21ஆம் அதிகாரத்தை இன்று இரவு நிதானமாக வாசி. தீருவில் இருந்த சீஷர்கள், எருசலேமுக்குப் போகவேண்டாம் என்று பவுலுக்கு ஆவியினாலேயே சொன்னார்கள் என்று அங்கே எழுதியிருக்கிறது. அப்புறம் செசரியாவில் அகபு என்ற தீர்க்கதரிசி வந்து பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, இந்தக் கச்சைக்குரியவனை எருசலேமில் இப்படிக் கட்டுவார்கள் என்கிறார். கூட இருந்தவர்கள் அழுதார்கள். ஆனாலும் பவுல் போனார். அந்தப் புத்தகத்தின் ஆசிரியரான லூக்கா அவரைக் கீழ்ப்படியாதவர் என்று எழுதவில்லை. நடக்கப்போவதைச் சொன்னதோடு அகபுவின் வேலை முடிந்தது. போவதா வேண்டாமா என்பதை முடிவெடுத்தவர் பவுல், அதன் பாடுகளைச் சுமந்தவரும் அவர்தான். அந்த வீட்டில் இருந்தவர்களும் கடைசியில் கர்த்தருடைய சித்தம் ஆகட்டும் என்று அமைதியானார்களே தவிர, தீர்க்கதரிசனத்தை மீறிவிட்டாய் என்று அவரை மிரட்டவில்லை. உன் காரியத்தில் “மலைகளைப் பார்க்கிறேன்” என்றது ஒன்று, “பழைய வேலைக்குத் திரும்பாதே” என்றது வேறொன்று. முதலாவது அவர் கண்டது. இரண்டாவது அவர் உனக்கு இட்ட கட்டளை. அந்தக் கட்டளையை யார் கொடுத்தது என்று நீ அவரிடமே கேட்கலாம். மரியாதையாகக் கேள், ஆனால் கேள்.

1 இராஜாக்கள் 13ஐயும் வாசி. கர்த்தர் தன்னிடம் சொன்னதை யூதாவிலிருந்து வந்த தேவமனுஷன் தெளிவாக அறிந்திருந்தான். பெத்தேலில் ஒரு கிழவனான தீர்க்கதரிசி, தூதன் எனக்குச் சொன்னான் என்று பொய் சொல்லி அவனைத் தன் வீட்டுக்குத் திருப்பினான். நம்பிப் போனவன் வழியில் சிங்கத்தால் செத்தான். உன் நண்பர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவரவில்லை. கர்த்தர் சொன்னார் என்று ஒருவர் சொல்லிவிட்டதாலேயே நிதானிக்கும் பொறுப்பு நம்மைவிட்டுப் போய்விடாது என்றுதான் சொல்கிறேன்.

ஆமென் சொன்னார்களே என்று நீ கேட்கலாம். கொரிந்தியருக்கு எழுதும்போது, இரண்டு மூன்று பேர் தீர்க்கதரிசனம் சொல்லட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்கிறார் பவுல். பாட்டு ஓடிக்கொண்டிருக்கிற அறையில், கண்ணை மூடியபடி சொல்கிற ஆமென் அந்த நிதானிப்பு ஆகாது. உன்னைச் சில வாரங்களாகத்தான் அவர்களுக்குத் தெரியும். உன் அப்பாவின் ஓய்வூதியம் எவ்வளவு, தம்பிக்கு இன்னும் எத்தனை வருடப் படிப்பு பாக்கி, நீ எதற்குச் சீக்கிரம் சோர்ந்துபோவாய், எதில் விடாப்பிடியாக நிற்பாய் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள்.

ஹெர்ன்ஹூட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய். அங்கே உனக்குச் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். 1722இல் மொராவியாவிலிருந்து தப்பிவந்த அகதிகள், சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் கட்டிய ஊர் அது. ஐந்து வருடத்துக்குள் உபதேசத்துக்காகச் சண்டை போட்டுப் பிரிந்து கிடந்தார்கள். பிரபு வீடுவீடாக ஏறி இறங்கிப் பேசி, 1727 மே மாதம் எல்லோரும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதற்குப் பிறகுதான், ஆகஸ்ட் 13 அன்று, திருவிருந்தில் அவர்கள் மேல் ஆவியானவரின் பெரிய அசைவு வந்தது. இரண்டே வாரத்தில் 24 ஆண்களும் 24 பெண்களும் மணிக்கணக்கைப் பங்கு போட்டுக்கொண்டு ஜெபக் காவலைத் தொடங்கினார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஓடியது அந்த முறைப்பட்டியல்தான். தன் முறை வந்த ஒவ்வொரு நாளும் அவர்கள் எல்லோரும் கண்ணீர் விட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. முறை வந்தது, எழுந்து ஜெபித்தார்கள்.

அந்த ஊரிலிருந்து முதல் மிஷனரியாகப் போன லியோனார்ட் டோபரின் கதை உன் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறது. குயவர் அவர். 1731இல் கோப்பன்ஹேகனில் அரசரின் முடிசூட்டு விழாவுக்குப் போன சின்சென்டார்ஃப், மேற்கிந்தியத் தீவான செயின்ட் தாமஸைச் சேர்ந்த ஆன்டன் என்ற கறுப்பின அடிமையைச் சந்தித்து, அங்குள்ள அடிமைகளின் நிலையைக் கேட்டு வந்து சபையில் சொன்னார். டோபருக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. போகவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். சபை அவரை உடனே அனுப்பிவிட்டது என்றா நினைக்கிறாய்? ஒரு வருடம் காக்க வைத்தார்கள். அப்புறம் அவர்கள் வழக்கப்படி சீட்டுப் போட்டார்கள். ‘பையன் போகட்டும், கர்த்தர் அவனோடு இருக்கிறார்’ என்று வந்தது. 1732 ஆகஸ்டில் டேவிட் நிட்ச்மன் என்ற தச்சரோடு கால்நடையாகக் கிளம்பினார். ஒரு வருடம் காத்திருந்ததால் அழைப்பு வீணாகிவிடவில்லை. (அதே சபை கல்யாணத்துக்கும் சீட்டுப் போட்டது என்பதையும் தெரிந்துகொள். 1818க்குப் பிறகு சாதாரண உறுப்பினர்களுக்கு அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தினார்கள். கர்த்தருடைய சித்தத்தைத் தேடிய அவர்களும், தேடும் முறையில் திருத்தம் வேண்டும் என்று கற்றுக்கொண்டவர்கள்தான்.)

உன் பக்கத்திலேயே இன்னொரு ஊர் இருக்கிறது, புல்ஸ்நிட்ஸ். பெயரைக் கேட்டதும் உனக்குப் புரிந்திருக்கும், நம் தரங்கம்பாடி மிஷனரி சீகன்பால்கு 1682இல் பிறந்த ஊர். ஒருநாள் அங்கேயும் கூட்டிப் போகச் சொல். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய அவர், உடல்நலம் சரியில்லாமல் ஹாலே பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டவர். டென்மார்க் அரசருக்கு ஆள் தேவைப்பட்டது, பெரியவர்கள் இவர் பெயரைச் சொன்னார்கள், அவர் ஒப்புக்கொண்டார். அழைப்பு அந்த வழியாகவும் வரும். நம் கையில் தமிழில் புதிய ஏற்பாடு அச்சில் வந்தது அந்த வழியாகத்தான்.

இப்போது ஆராதனைக்கு வருகிறேன். நாற்பது நிமிடம் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி, கீபோர்டு அடியில் ஒலித்துக்கொண்டே இருக்கும்போது கண் கலங்குவது இயல்பு. அதில் பொய் இல்லை, எத்தனையோ பிள்ளைகள் அங்கேதான் முதல்முறையாக மனம் திறந்து அழுகிறார்கள். ஆனால் அழுகிறவர் நெருக்கமானவர், அழாதவர் தூரமானவர் என்று அளக்க வேதத்தில் இடம் இல்லை. அன்னாள் உதடு மட்டும் அசைய, சத்தமே கேளாமல் ஜெபித்தாள். அதைப் பார்த்த ஆசாரியன் ஏலியே குடிவெறி என்று தப்புக்கணக்குப் போட்டான். அதுவுமன்றி நீ பாடுவது உனக்குப் பழகாத மொழியில், பழகாத மெட்டில். சின்ன வயதிலிருந்து பாமாலையும் கீர்த்தனையுமாக நின்றே வளர்ந்த பிள்ளை நீ. காலை வேளையில் தனியாக நடந்துபோய், அம்மா சமையலறையில் பாடும் ஒரு கீர்த்தனையைச் சத்தமாகப் பாடிப் பார். ஆராதனை நடத்துகிறவரிடம், ஒருநாள் தமிழில் ஒரு பாட்டுப் பாடட்டுமா என்று கேள். மறுக்கமாட்டார்கள். அப்போதும் கண்ணீர் வரவில்லையா, வரவேண்டாம். நீ நின்றுகொண்டிருக்கிறாய் அல்லவா, அதுவே ஆராதனைதான்.

அந்த மரம். இதைத்தான் நீ முதலில் செய்யவேண்டும் என்று நினைக்கிறேன். அந்தக் கொரியப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, “அன்று எனக்கு எதுவும் தெரியவில்லை, வெட்கத்தில் சொன்னேன், மன்னித்துவிடு” என்று சொல். சங்கீதம் 1இல் நீர்க்கால்களின் ஓரத்தில் நடப்பட்ட மரம் இருக்கிறதே, கர்த்தர் அதை உபயோகித்திருக்கலாமே என்று உன் மனமே சமாதானம் சொல்லும். உபயோகித்திருக்கலாம். ஆனாலும் அந்தப் பிள்ளை தன் வாழ்க்கையில் ஏதோ ஒரு முடிவை உன் மரத்தின் மேல் கட்டிவிடக் கூடாது. பயிற்சித் தலைவியிடமும் சொல். ‘எனக்கு ஒன்றும் தோன்றவில்லை’ என்று சொல்ல இடமே இல்லாதபடி வட்டமாக உட்காரவைத்து வரிசையாகக் கேட்டால், உன்னைப்போல இன்னும் எத்தனை பேர் மரத்தைப் பார்ப்பார்கள்! இந்தப் பயிற்சியை நடத்துகிறவர்கள் இதைக் கேட்கவேண்டும், உன் வாயால் கேட்டால் நல்லது. இன்னொன்றும் நினைத்துப் பார். நீ கூச்சத்தில் சொன்ன வார்த்தை ஒருத்தியை அழவைத்தது என்றால், உனக்குச் சொல்லப்பட்ட வார்த்தையும் உன்னைக் கலங்கவைத்தது என்பதாலேயே அது கர்த்தருடையது என்று ஆகிவிடாது.

ஒரு கசப்பான உண்மையையும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் 1999 முதல் இரவும் பகலும் ஆராதனை நடந்துவந்த புகழ்பெற்ற ஜெப இல்லம் ஒன்று உண்டு. 2023இல் அதன் நிறுவனர்மேல் பாலியல் முறைகேட்டுப் புகார்கள் எழுந்தன. கர்த்தர் சொன்னதாகச் சொல்லியே தன்னை இணங்கவைத்தார் என்று ஒரு பெண் குற்றஞ்சாட்டினார். அந்த வருட டிசம்பரில் நிர்வாகம் அவரோடு உறவை முற்றாக முறித்துக்கொண்டது. அங்கே பாடியவர்கள் எல்லோரும் போலி என்று நான் நினைக்கவில்லை, உண்மையாய் ஜெபித்தவர்கள் ஏராளம். ஆனால் கர்த்தர் சொன்னார் என்ற சொல்லின் பலம் எவ்வளவு என்று தெரிந்துகொள். உன் கல்யாணம், உன் பணம், உன் உடல், வீட்டாரிடம் மறைக்கவேண்டிய இரகசியம், இந்த நான்கைத் தொட்டு யார் தீர்க்கதரிசனம் சொன்னாலும் அன்றே அப்பாவுக்குப் போன் செய்.

விண்ணப்பம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இப்படிப்பட்ட அமைப்புகள் பலவற்றில் முழுநேர ஊழியருக்குச் சம்பளம் கிடையாது, தாங்குகிறவர்களை நீயே தேடவேண்டும். அது விசுவாச வாழ்க்கை, தப்பில்லை. ஆனால் தாங்கப்போவது யார், எவ்வளவு, வீட்டுக்கு என்ன அனுப்புவாய் என்று தாளில் எழுதிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே.

வகுப்புகள் முடிந்து ஊழியப் பயணத்துக்குப் போவீர்கள் அல்லவா, அதில் முழு மனதோடு கலந்துகொள். பாத்திரம் கழுவு, சமை, வயதானவர்களோடு உட்காரு. மத்திய ஆசியாவைப் பற்றிப் படி, அங்கே வேலை பார்த்துத் திரும்பியவர்கள் யாராவது இருந்தால் பேசு. ‘மலைகள்’ என்று சொன்னதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வை, அந்தச் சகோதரனுக்கு நன்றி சொல். ஊருக்குத் திரும்பியதும் அப்பா, அம்மா, உங்கள் சபைப் போதகரான ஐயர், நீ மதிக்கிற ஒரு பெரியவர் எல்லோரையும் வைத்துக்கொண்டு அந்த நோட்டைத் திற. வேலைக்கும் திரும்பு. டோபருக்கு ஒரு வருடம் கொடுத்தார்கள், உனக்கும் ஒரு வருடம் கொடுத்துக்கொள். அதற்குள் அந்தப் பாரம் உன்னிலே வளர்ந்தால், வீட்டார் ஜெபித்து அனுப்ப, விண்ணப்பத்தை அப்போது போடலாம்.

இப்போதே பதில் சொல் என்று அங்கே யாராவது நெருக்கினால், “ஊருக்குப் போய்ப் பேசிவிட்டு எழுதுகிறேன்” என்று சொல். நல்ல தலைவர்களாக இருந்தால், சரி என்று சொல்லி உனக்காக ஜெபிப்பார்கள். அப்படிச் சொல்லாமல் மறுபடியும் பயமுறுத்தினால், தாமதிக்காமல் எனக்கு எழுது.