எடை குறைக்கும் மாத்திரைகள் உண்மையிலேயே வேலை செய்யுமா? பயமில்லாமல் சாப்பிடலாமா?

விவரத்தில் நீங்கள் சொல்லியிருக்கும் அந்த மாத்திரையை வாங்காதீர்கள். குழந்தைக்கு ஏழு மாதம் ஆகிறது, பிரசவத்தில் ஏறிய எடை இறங்கவே இல்லை, ஆன்லைனில் ‘முழுக்க மூலிகை, பக்கவிளைவே கிடையாது, மாதம் எட்டு கிலோ குறையும்’ என்று ஒரு மாத்திரை வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லி விற்கும் டப்பாவில் உருப்படியாக ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், இல்லாவிட்டால் லேபிளில் எழுதாத ஏதோ ஒன்று கலந்திருக்கலாம். நான் மெடிக்கல் ஷாப்பில் பார்மசிஸ்ட்டாக இருக்கிறேன், எனக்கு இந்த இரண்டாவதுதான் பயம். மூலிகை என்று வாங்கியது கிடுகிடுவென்று எடையைக் குறைத்தால் எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள், உண்மையில் அப்போதுதான் பயப்பட வேண்டும்.

எங்களிடம் வழக்கமாக பிபி மாத்திரை வாங்கும் டீச்சர் ஒருவர், ஒழுங்காக மாத்திரை போட்டும் பிரஷர் ஏறிக்கொண்டே போகிறது என்று வந்து நின்றார். பேச்சுக் கொடுத்தால், வாய் வறண்டுகொண்டே இருக்கிறது, ராத்திரி தூக்கம் வருவதில்லை, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, பசி என்பதே மறந்துபோய்விட்டது என்று ஒவ்வொன்றாக வந்தது. வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா டீச்சர் என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்தார். முன்னால் பச்சை இலை படம், பின்னால் பேட்ச் எண்ணும் இல்லை, தயாரிப்பு உரிம எண்ணும் இல்லை. அன்றைக்கே நிறுத்தச் சொல்லி டாக்டரிடம் அனுப்பினேன், நிறுத்திய பிறகு பிரஷர் இறங்கியது. உள்ளே இருந்ததைச் சோதிக்க எங்களிடம் வசதி இல்லை. ஆனால் இந்த அறிகுறிகளை வரிசையாகச் சொன்னால் என் தொழிலில் இருப்பவர்களுக்கு முதலில் தோன்றும் பெயர் சிபுட்ராமின்.

அது ஒரு காலத்தில் டாக்டர்களே எழுதிக்கொடுத்த மருந்து. பசியை அடக்கும், கூடவே நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும். இதய நோயோ சர்க்கரையோ இருந்த ஏறத்தாழ 10,000 பேரிடம் நடந்த ஸ்கவுட் ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 10 சதவீதம் பேருக்கு வந்தன, சிபுட்ராமின் சாப்பிட்டவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 2010இல் விற்பனை நின்றது, இந்தியாவில் 2011இல் தடை வந்தது. கடை அலமாரியிலிருந்து போன மருந்து மூலிகை டப்பாவுக்குள் புகுந்துகொண்டது. 2007 முதல் 2016 வரை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கலப்படம் என்று பிடித்த 776 சப்ளிமெண்டுகளில் பத்துக்கு நான்கு எடை குறைக்க விற்றவை, அவற்றுள் பெரும்பாலானவற்றில் இருந்தது இதே சிபுட்ராமின்தான்.

சரி, கலப்படமே இல்லாத மூலிகை என்றால்? கார்சீனியா என்று பெரிய பெயரில் விற்பது நம் குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் மீன் குழம்புக்குப் போடும் குடம்புளியின் சாரம். 1998இல் 135 பேரிடம் 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 3.2 கிலோ குறைந்தது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 4.1 கிலோ. குழம்பில் போடும் அளவுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் செறிவாக்கிய சாரத்தைச் சாப்பிட்டு ஈரல் பாதித்தவர்கள் உண்டு. கிரீன் டீ சார மாத்திரைக்கும் இதே கதைதான்.

அப்புறம், முறைப்படி டாக்டர் எழுதும் மருந்துகள். ஆர்லிஸ்டாட் சாப்பாட்டுக் கொழுப்பில் மூன்றில் ஒரு பங்கு போல உடலில் சேராமல் வெளியே அனுப்பும். பரோட்டா சால்னா சாப்பிட்டுவிட்டு இதைப் போட்டால் உள்ளாடையில் எண்ணெய் கசியும், பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருக்கும், இதை யாரும் விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் சரியாகச் சேராது. இவ்வளவுக்கும் பலன், நான்கு வருட ஆய்வு ஒன்றின் முடிவில் 5.8 கிலோ, வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 3 கிலோ. இப்போது எல்லோரும் பேசும் செமாகுளூடைட் ஊசி நிஜமாகவே பலமானது, 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதம் போல குறைந்தது. குமட்டலும் வாந்தியும் சகஜம், பித்தப்பைக் கல் வரலாம், அபூர்வமாகக் கணையம் வீங்கும். நிறுத்தினால் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பி வந்ததையும் பார்த்திருக்கிறார்கள். அதிக உடல் பருமனும் அதனால் சர்க்கரையோ பிரஷரோ உள்ளவருக்கு இதெல்லாம் பெரிய உதவி, அவர்கள் கூச்சப்படாமல் டாக்டரிடம் கேட்க வேண்டும். கல்யாணத்துக்குள் நாலு கிலோ குறைக்க வேண்டும் என்பவருக்கு இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் மேலே சொன்ன எதுவுமே இப்போது வேண்டாம், ஊசியும் சேர்த்துத்தான். அதற்குப் பதில் டாக்டரிடம் சொல்லி தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை ஒன்று எடுங்கள். பிரசவமான ஒரு வருடத்துக்குள் சிலருக்குத் தைராய்டு மந்தமாகும், எடை இறங்காததும் எந்நேரமும் அசதியாக இருப்பதும் அதனாலும் இருக்கலாம், குழந்தை தூங்கவிடாத அசதி என்று வீட்டில் எல்லோரும் விட்டுவிடுவார்கள். குறை இருந்தால் டாக்டரே மாத்திரை எழுதுவார். ரிப்போர்ட் சரியாக இருந்தால், தெரிந்த அக்கா யாராவது தான் சாப்பிடும் தைராய்டு மாத்திரையைச் ‘சும்மா ரெண்டு போட்டுப் பாரு, மெலிஞ்சிடுவே’ என்று கொடுத்தாலும் வாங்கிவிடாதீர்கள். தேவையில்லாத உடம்பில் அது இதயத்தைத் தாறுமாறாகத் துடிக்க வைக்கும்.