சர்ஃபிங் நடக்கும் கடற்கரை ஊரில் ஒரே ஒரு நாள்: அவசரமில்லாமல் எப்படிக் கழிப்பது?

கேள்வி: சர்ஃபிங் தெரியாது, நீச்சல் ஓரளவு வரும். ஒரு நாள் மட்டும் தங்குகிறோம். அலையிலும் இறங்க வேண்டும், ஓய்வாகவும் இருக்க வேண்டும். நாளை எப்படிப் பிரித்துக்கொள்வது?

பதில்:

கடிகாரத்தை வைத்துப் பிரிக்காதீர்கள். காற்றையும் ஓதத்தையும் (கடல்மட்டம் ஏறி இறங்குவதையும்) வைத்துப் பிரியுங்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என இரண்டு சின்னக் குளியல். நடுவில் எதுவும் வைத்துக்கொள்ளாத நீண்ட பகல். அலையூர்களில் வருடக்கணக்காக இருப்பவர்களின் நாள் இப்படித்தான் ஓடும். சோம்பலால் அப்படி அமைத்துக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம், காரணம் காற்றில் இருக்கிறது.

இரவில் நிலம் கடலைவிட வேகமாகக் குளிரும். அதனால் விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும், அல்லது அசைவே இருக்காது. எதிரே லேசான காற்று இருந்தால் வரும் அலை நிமிர்ந்து நின்று, முகம் வழுவழுப்பாக, ஒரு பக்கத்திலிருந்து ஒழுங்காக உடையும். வெயில் ஏறி நிலம் சூடானதும் காற்று திரும்பிவிடும். கடலிலிருந்து கரைக்கு அடிக்கும் காற்றில் அதே அலை கலைந்து, எப்போது எங்கே உடையும் என்று கணிக்க முடியாமல் போகும். பல ஊர்களில் முற்பகல் முடிவதற்குள்ளேயே இது நடந்துவிடும். பொழுது சாயும்போது காற்று மீண்டும் தணிவதும் உண்டு. ஆகவே எட்டரை வரை தூங்கிவிட்டுப் பதினொரு மணிக்குப் பலகையோடு இறங்கினால், கடல் மோசமாக இருக்கும் நேரத்துக்கு வாடகை கொடுத்ததாகிவிடும்.

ஓதத்தை முந்தின இரவே பார்த்துவிடுங்கள். பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போவதால் நேற்று யாரோ சொன்ன நேரம் இன்று உதவாது. சரிவு அதிகமுள்ள மணற்கரையில் முழு ஏற்றத்தின்போது அலை கரையின் மேலேயே வந்து அறையும். கழுத்திலும் தோளிலும் அடிபடுவது அங்கேதான் அதிகம். முழு இறக்கத்தில் சில கரைகளில் முழங்கால் ஆழத்தில் அலை உடையும், விழுந்தால் தரை தட்டும். புதியவர்களுக்குப் பொதுவாக நடு ஓதம் பரவாயில்லை. ஆனால் இது கரைக்குக் கரை மாறும். பலகை வாடகைக்குத் தருபவரிடம் விலையைக் கேட்பதற்கு முன், "இந்தக் கரைக்கு எந்த ஓதம் நல்லது?" என்று கேளுங்கள். இன்னொன்று: ஏறும் ஆறு மணி நேரத்தில் நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதித் தண்ணீர் ஏறிவிடும். முதல் மணி நேரத்தில் மெதுவாக ஏறுவதைப் பார்த்து, பையைத் தண்ணீருக்குப் பத்தடி தள்ளி வைத்தவர்கள் நனைந்த பையைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். உலர்ந்த கடற்பாசி வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் கோடுதான் தண்ணீர் கடைசியாக எட்டிய இடம். அதற்கும் மேலே வையுங்கள்.

அலை முன்னறிவிப்பில் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். பக்கத்திலேயே வினாடியில் ஓர் எண் இருக்கும். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி அது. ஒரு மீட்டர் உயரம், 7 வினாடி என்றால் அருகில் அடித்த காற்று கிளப்பிய சிற்றலை. அதே ஒரு மீட்டர், 14 வினாடி என்றால் வெகுதூரத்துப் புயல் அனுப்பியது. கரையை நெருங்கும்போது இன்னும் உயரும், இழுவையும் அதிகம். முதல் நாளுக்கு இது வேண்டாம்.

கரைக்கு வந்ததும் இறங்காதீர்கள், இருபது நிமிடம் உட்காருங்கள். இந்த நாளின் மிக நல்ல பகுதி இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். அலைகள் கூட்டமாக வரும்; நாலைந்து பெரியவை, பிறகு நீண்ட அமைதி. ஐந்து நிமிடம் பார்த்தவர் அமைதியை மட்டும் பார்த்திருப்பார். எங்கே உடைகிறது, எந்தப் பக்கம் ஆட்கள் அடித்துச் செல்லப்படுகிறார்கள், தெரிந்தவர்கள் எந்த இடத்தில் வெளியே வருகிறார்கள் என்று கவனியுங்கள்.

முக்கியமாக, இரு பக்கமும் நுரை தள்ள, நடுவில் மட்டும் அலை உடையாமல் கருத்துத் தட்டையாகத் தெரியும் இடத்தைத் தேடுங்கள். குளிக்க வருபவர்கள் அமைதியான தண்ணீர் என்று நம்பி இறங்குவது அங்கேதான். கரையேறிய தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. அந்த இழுவை சில நேரம் வினாடிக்கு 2 மீட்டர் வரை போகும்; தேர்ந்த நீச்சல் வீரராலும் எதிர்த்து நீந்த முடியாது. மாட்டிக்கொண்டால் பலகையை விடாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கேளுங்கள். தெம்பிருந்தால் கரைக்கு இணையாக, அலை உடையும் பக்கம் நகருங்கள். அது கீழே இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். கரையை நோக்கி நேராக நீந்தி மூச்சடைத்துப் போவதுதான் ஆளைக் கொல்கிறது.

கொடிகளையும் பாருங்கள். பல நாடுகளில் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே காவலர் பார்வையில் குளிக்கலாம். கறுப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட கொடி பலகைக்காரர்கள் பகுதி, அங்கே நீந்தக்கூடாது.

பலகை 8 அல்லது 9 அடி நீளமுள்ள, மேல்புறம் மெத்தென்ற நுரைப் பலகையாக இருக்கட்டும். அழகாக இருக்கிறதென்று சின்னப் பலகை எடுத்தால் நாள் முழுதும் மிதக்கவே போராட வேண்டும். பலகையைக் காலோடு இணைக்கும் கால்கயிற்றை, நிற்கும்போது பின்னால் இருக்கும் காலில், தண்ணீர் ஓரத்துக்கு வந்தபின் கட்டுங்கள், மணலில் நடக்கும்போது தடுக்கும். இடுப்பளவு தண்ணீரில், உடைந்து வரும் வெள்ளை நுரையில் மட்டும் பழகுங்கள். படுக்கும்போது பலகையின் மூக்கு தண்ணீருக்கு மேலே ஒன்றிரண்டு அங்குலம் நிற்க வேண்டும். முன்னால் தள்ளிப் படுத்தால் மூக்கு குத்திக் கவிழும், பின்னால் போனால் அலை உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். எழும்போது விளிம்பைப் பிடிக்காமல் விலா எலும்புக்கு அருகே உள்ளங்கையை ஊன்றுங்கள். பார்வை கரையில் இருக்கட்டும். காலைக் குனிந்து பார்த்தால் உடம்பும் அங்கேயே சாயும்.

விழும்போது தலைகீழாகப் பாய வேண்டாம், தட்டையாக விழுங்கள். எழும்பும்போது இரு கைகளாலும் முகத்தையும் தலையையும் மூடிக்கொண்டு எழும்புங்கள், ஏனென்றால் கால்கயிறு ரப்பர்போல இழுபட்டுப் பலகையைத் திருப்பி எறியும். குளிர்ந்த கடலில் போடும் நீருடை (வெட்சூட்) உருவாக்கத்தில் பேர்போன ஜாக் ஓ'நீல் ஒரு கண்ணை இழந்தது இப்படித்தான். அலைக்கும் உங்களுக்கும் நடுவில் பலகையைக் குறுக்கே வைக்காதீர்கள். ஒரு அலையில் ஒருவர்தான். உடையும் முனைக்கு அருகில் இருப்பவருக்கே உரிமை.

ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுங்கள். தோள் களைத்தபின் எழும் வேகம் குறையும், விழுகை கூடும். இறங்குவதற்கு முன் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் பலகையில் குப்புறப் படுக்கவே முடியாது, பழம் போதும். வயிறும் மார்பும் உராய்ந்து எரியாமலிருக்க, உடம்போடு ஒட்டியிருக்கும் ராஷ் கார்டு சட்டை போடுங்கள்.

பகலில் நிழல். மணல் சுமார் 15 விழுக்காடும் கடல்நுரை சுமார் 25 விழுக்காடும் புற ஊதாக் கதிரைத் திருப்பி அடிப்பதால் குடையின் கீழும் முகம் கறுக்கும். சன்ஸ்கிரீன் உடம்பு முழுவதற்கும் ஏறக்குறைய 30 மில்லி வேண்டும். பெரும்பாலோர் அதில் பாதிகூடப் பூசுவதில்லை. இரண்டு மணிக்கொருமுறை, தண்ணீரிலிருந்து வந்ததும் மறுபடி. துத்தநாக ஆக்சைடு வகை நல்லது. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற வேதிப்பொருள்கள் கலந்தவற்றை விற்க ஹவாய் 2021 முதல் தடை செய்திருக்கிறது, பவளப்பாறைகளைக் காக்க. பலகையையும் வெயிலில் போடாதீர்கள்; கால் வழுக்காமலிருக்கப் பூசிய மெழுகு உருகும், நுரைப் பலகையின் மேல்தோல் உப்பிப் பிரியும். பகலில் செய்ய வேறெதுவும் தேடாதீர்கள். தூங்குங்கள், பலகை பழுதுபார்க்கும் பட்டறை இருந்தால் போய் நின்று பாருங்கள், இறக்க நேரத்தில் ஈரமணலில் நடங்கள்.

ஆழம் குறைந்த மணலில் திருக்கை இருக்கும் கரைகளில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள், அது விலகிவிடும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய அளவு வெந்நீரில், சுமார் 45 டிகிரியில், வலி தணியும்வரை காலை வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாலையில் காற்று விழுந்தால் ஒரு மணி நேரம் மட்டும் மறுபடி இறங்கலாம். இருட்டுவதற்கு முன் கரையேறிவிடுங்கள். மங்கிய ஒளியில் மற்றவர்களின் பலகை கண்ணுக்குத் தெரியாது. பிறகு நல்ல தண்ணீரில் குளித்து, ராஷ் கார்டை அலசி நிழலில் போடுங்கள். மூக்குக்குள் தங்கிய கடல்நீர் சில மணி நேரம் கழித்துக் குனியும்போது திடீரென்று கொட்டும், பயப்பட ஒன்றுமில்லை. படுக்கும் முன் குனிந்து தலையை இரு பக்கமும் மெல்லச் சாய்த்தால் வடிந்துவிடும்.